கறுப்பு எங்கே போயிற்று?

பத்து ஆண்டு வெயில் கண்ட கார் ஒன்றின் அருகே போய் நின்று பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் பூசிய வண்ணம் ஓரளவு பளபளப்பாகவே இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் உள்ள பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, கதவின் ஓரமாகச் செல்லும் பட்டை, வைப்பருக்கு அடியில் உள்ள தகடு ஆகிய கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகள் எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அவை நல்ல மைக்கறுப்பாக இருந்தவைதாம். அந்தக் கறுப்பு எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் கைப்பணம் செலவாகி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினேன். பார்க்கப் போன அன்று அதன் பம்பர் புதியதைப் போலக் கருகருவென்று மின்னியது. "வண்டி நிழலிலேயே நின்றது சார்" என்றார் தரகர். நம்பினேன். ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்தது. கறுப்பின் நடுவே சாம்பல் நிறக் கோடுகள் வழிந்தன. ஒரு மாதத்தில் பம்பர் முழுவதும் வெளுத்துவிட்டது. பட்டறைக்காரரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "அது பூச்சு சார். மழை பட்டாப் போயிடும்" என்றார்.

இதை வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாணவன் மட்டும் எழுந்து கேட்டான்: "சார், என் ஹெல்மெட்டும் அப்படித்தான் வெளுத்துப் போச்சு. அந்தப் பூச்சை வாங்கித் தடவினால் சரியாகிவிடுமா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இக்கட்டுரை. விடை ஒரு வார்த்தையில் அடங்காது. முதலில் கறுப்பைப் பற்றி ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும்.

கற்கண்டு சொல்லும் பாடம்

வெயிலில் துணியின் சாயம் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே சாயப் பொருளே சிதைந்து நிறத்தை இழக்கிறது. பம்பரும் அப்படித்தான் சாயம் போயிற்று என்று நினைக்கத் தோன்றும். அது சரியன்று. பம்பருக்குக் கறுப்பு நிறம் தருவது கார்பன் பிளாக் எனப்படும் மிக நுண்ணிய கரித்தூள். நம் வீட்டு அகல் விளக்கின் மேல் படியும் புகைக்கரியின் உறவுக்காரன் அது. கரி வெயிலில் வெளுக்குமா? வெளுக்காது. பழைய பம்பரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே இன்றும் கறுப்பாகவே இருக்கும். ஏன், வெளுத்த மேற்பரப்பிலும் கரி இருக்கிறது. அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வந்தது?

ஒரு துண்டு கற்கண்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் தெளிவான படிகம் அது. அதை உரலில் இட்டு நொறுக்குங்கள். வெண்மையான தூள் கிடைக்கிறது. நீங்கள் அதில் எந்த வெள்ளைப் பொருளையும் சேர்க்கவில்லை. ஒரே கட்டியாக இருந்தபோது காற்றும் சர்க்கரையும் சந்திக்கும் பரப்புகள் சிலவே இருந்தன. நொறுக்கியதும் அவை பல்லாயிரமாகப் பெருகிவிட்டன. ஒவ்வொரு பரப்பிலும் ஒளியின் ஒரு சிறு பங்கு திரும்புகிறது. எல்லாத் திசைகளிலும், எல்லா நிறங்களும் ஒன்றாகத் திரும்புவதால் நம் கண்ணுக்கு வெண்மை தெரிகிறது. இப்போது அந்தத் தூளில் சில துளி சமையல் எண்ணெயை விட்டுக் கலக்குங்கள். வெண்மை பெருமளவு மறைந்து, தூள் மங்கலான கண்ணாடி போலாகிவிடும்.

வடை வைத்த தாளும் இதே பாடத்தைச் சொல்கிறது. எண்ணெய் பட்ட இடத்தில் தாள் ஒளி கசியும்படி ஆகிறது. தாளின் இழைகளுக்கிடையே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது. அவ்வளவுதான்.

நூற்றுக்கு நான்கு

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும் எல்லையில் ஒரு பங்கு எதிரொளிக்கப்படுகிறது. நேர்க்குத்தாக விழும் ஒளிக்கு அந்தப் பங்கைக் காண எளிய சூத்திரம் ஒன்று உண்டு. இரு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூடுதலால் வகுத்து, வந்த ஈவை இருமடிப்படுத்த வேண்டும்.

பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை அடிப்படையாகக் கொண்டவை. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. காற்றுக்கு 1. வேறுபாடு 0.49, கூடுதல் 2.49. வகுத்து இருமடிப்படுத்தினால் ஏறத்தாழ 0.039, அதாவது நூற்றுக்கு 4 பங்கு.

புதிய பம்பரின் மேற்பரப்பு வழவழப்பானது. இந்த 4 பங்கு ஒளியும் கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் திரும்பிவிடும். அந்தத் திசையில் நின்றால் பளபளப்பு தெரியும். மற்ற எல்லாத் திசையிலிருந்தும் கறுப்பே தெரியும். உள்ளே நுழைந்த 96 பங்கையும் கரித்தூள் விழுங்கிவிடுகிறது.

வெளுத்த பம்பரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் குழிகளும் நிறைந்துள்ளன. திரும்பும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. நீங்கள் எங்கு நின்றாலும் கறுப்போடு சிறிது வெள்ளொளி கலந்தே உங்கள் கண்ணை அடைகிறது.

நூற்றுக்கு நான்கு என்பது மிகக் குறைவல்லவா, அதற்குப் போய் இவ்வளவு மாற்றமா என்று கேட்பீர்கள். நம் கண் வெளிச்சத்தை விகிதத்தால் அளக்கிறது. 80 பங்கு ஒளியைத் திருப்பும் வெள்ளைச் சுவரோடு இன்னும் 4 பங்கு சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. அரைப் பங்கே திருப்பிக் கொண்டிருந்த கறுப்போடு 4 பங்கு சேர்ந்தால் அது ஒன்பது மடங்காகிவிடும். வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு பட்டால் தெரிவதில்லை; கறுப்புக் குடைத்துணியில் பட்டால் பளிச்சென்று தெரிகிறது.

இனி நீரையும் எண்ணெயையும் கொண்டு வருவோம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதே சூத்திரத்தில் இட்டால் நீருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே எதிரொளிப்பு நூற்றுக்கு 0.3 பங்குதான். தேங்காயெண்ணெய் போன்றவற்றுக்குச் சுமார் 1.45 முதல் 1.47 வரை. 1.47 என்று கொண்டால் எதிரொளிப்பு நூற்றுக்கு 0.005 பங்கு! குழிகள் எண்ணெயால் நிரம்பியதும் உள்ளே இருக்கும் கரடுமுரடு ஒளிக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எண்ணெயின் மேற்பரப்பும் ஒளியைத் திருப்பத்தான் செய்கிறது. ஆனால் அது வழவழப்பானது, ஒரே திசையில் திருப்பும். எனவே பழைய கறுப்பு திரும்பி வருகிறது, பளபளப்போடு.

கோயிலில் கருங்கல் சிலையைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெய்க் காப்புச் சாத்தும் முன் சாம்பல் நிறம்; சாத்திய பின் மைக்கறுப்பு. ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையும், தண்ணீர் தெளித்த அம்மிக்கல்லும், முதல் மழை பட்ட தார்ச்சாலையும் இதையேதான் செய்கின்றன. அந்தத் தரகர் செய்ததும் இதுதான். அவர் கறுப்பைக் கொண்டு வரவில்லை; வெள்ளையை மறைத்தார்.

வெயில் எப்படி வெட்டுகிறது?

வழவழப்பாக இருந்த பரப்பு ஏன் வெடித்தது? இது கேள்வியின் இரண்டாம் பாதி.

1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, வெள்ளிக் குளோரைடு பூசிய தாளின் மேல் விழச் செய்தார். ஒளி பட்டால் கறுக்கும் பொருள் அது. ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அது மிக விரைவாகக் கறுத்தது. அவர் கண்ட அந்தக் கதிர்களையே புற ஊதாக் கதிர்கள் என்கிறோம். தரையை அடையும் சூரிய ஆற்றலில் நூற்றுக்கு 5 பங்கு அளவே அவை. ஆனால் வேலை செய்வதில் வல்லவை.

ஏன் என்பதையும் கணக்கிடலாம். ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. இவற்றை ஃபோட்டான்கள் என்கிறோம். 1,20,000 என்ற எண்ணை ஒளியின் அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால், ஒரு மோல் ஃபோட்டான்களின் ஆற்றல் ஏறத்தாழ எத்தனை கிலோஜூல் என்று கிடைக்கும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு இது 218. 300 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 400. பிளாஸ்டிக்கில் கார்பன் அணுவையும் கார்பன் அணுவையும் பிணைக்கும் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 348 கிலோஜூல் வேண்டும். பச்சை ஒளி எவ்வளவு நேரம் விழுந்தாலும் அதன் ஒரு ஃபோட்டானால் இந்தப் பிணைப்பை அறுக்க இயலாது. புற ஊதாவின் ஒரே ஃபோட்டான் போதும். ஓசோன் படலம் 290 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களைத் தடுத்துவிடுகிறது. அதற்கு மேல் வருவனவே நம் பம்பருக்கு எமன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. ஒளி உட்கவரப்படவும் வேண்டும். தூய பாலிபுரோப்பிலீன் இந்தக் கதிர்களை அநேகமாகக் கவர்வதில்லை. ஆனால் தொழிற்சாலையில் உருக்கும்போதே அங்கங்கே சிறிது ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. வினையூக்கியின் எச்சங்களும் தங்கிவிடுகின்றன. இந்தக் குறைகள்தாம் கதிரைக் கவர்ந்து முதல் வெட்டுக்கு இடம் கொடுக்கின்றன.

பிணைப்பு அறுந்ததும், இணையற்ற ஒற்றை எலெக்ட்ரானோடு நிற்கும் துண்டு ஒன்று பிறக்கிறது. வேதியியலில் இதைத் தனி உறுப்பு என்பார்கள். இது சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக் கொள்கிறது. பற்றியபின் பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்த சங்கிலி இப்போது தனி உறுப்பு ஆகிறது. அது ஆக்சிஜனைப் பற்றுகிறது, அடுத்ததைப் பறிக்கிறது. தொடர் ஓட்டப் பந்தயத்தில் கோல் கைமாறுவது போல இது நடக்கிறது. இதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. பறித்த ஹைட்ரஜனோடு உருவாகும் பெராக்சைடுப் பகுதியில் ஆக்சிஜனும் ஆக்சிஜனும் கைகோத்த பிணைப்பு மிக வலுவற்றது. அது எளிதில் உடைந்து இரண்டு தனி உறுப்புகளைத் தருகிறது. ஓடும் வழியில் ஒரு கோல் இரண்டாகிறது! வெயிலின் வெப்பம் இந்த ஓட்டத்தை மேலும் விரைவாக்குகிறது. கறுப்புப் பொருள் வெயிலில் எப்படிச் சுடும் என்பது உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும்.

இடியாப்பமும் உதிரியும்

1954-இல் இத்தாலிய அறிஞர் நட்டா ஒழுங்கான அமைப்புள்ள பாலிபுரோப்பிலீனை உருவாக்கினார். இத்துறைப் பணிகளுக்காக அவருக்கும் ஜெர்மனியின் சீக்லருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பிளாஸ்டிக்கின் வலிமை அதன் நீண்ட சங்கிலிகளில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிப் பின்னிக் கிடக்கின்றன. தட்டில் இடியாப்பத்தின் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் முழுவதும் கூடவே வருகிறதல்லவா? அதையே பொடிப்பொடியாக நறுக்கிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். உதிர்ந்து விழும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 10,000 கண்ணிகள் உள்ள ஒரு சங்கிலியின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் வெட்டினால் போதும், அதன் நீளம் பாதியாகிவிடுகிறது. பத்தாயிரத்தில் ஒரு பிணைப்பு அறுந்ததை எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வலிமை பெருமளவு குறைந்துவிடும். துண்டான சங்கிலிகள் இன்னும் நெருக்கமாக அடுக்கிக் கொள்ளவும் முடிகிறது. அதனால் மேற்படலம் சுருங்குகிறது. அடியில் உள்ள பிளாஸ்டிக்கோ சுருங்கவில்லை. வறண்ட குளத்தில் வண்டல் வெடிப்பதைப் போல மேற்படலம் வெடிக்கிறது. பிளாஸ்டிக்கோடு கலந்திருந்த டால்க் போன்ற வெண்ணிறக் கற்பொடியும் வெளியே தலைகாட்டுகிறது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல ஒட்டுவது இதனால்தான்.

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கொடிக்கயிறு இரண்டு கோடைக்குப் பின் தொட்டாலே தூளாக உதிர்வதையும், வாசலில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒருநாள் காலை விரித்துப் பெரியவர் ஒருவரைக் கீழே தள்ளுவதையும் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே கதை.

கரியே காவலன்

பம்பர் மட்டும் பத்து ஆண்டு எப்படித் தாங்குகிறது? கரித்தூள்தான் காவல். அது புற ஊதாவை மேற்பரப்பிலேயே விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஓடித்திரியும் தனி உறுப்புகள் சிலவற்றையும் பிடித்து வைத்துக் கொள்கிறது. வெளியில் புதைக்கும், தொங்கவிடும் பிளாஸ்டிக் குழாய்களையும் கம்பி உறைகளையும் கறுப்பாகச் செய்வது அழகுக்காக அன்று. அவற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவு கரி கலந்தாலே ஆயுள் பல மடங்கு கூடுகிறது. இதோடு தடைபட்ட அமீன்கள் என்ற வேதிப்பொருள்களையும் கலக்கிறார்கள். இவை கதிரைத் தடுப்பதில்லை; தனி உறுப்புகளைத் தேடிப் பிடித்து அடக்குகின்றன. அடக்கியபின் மீண்டும் பழைய நிலைக்கு வந்து அடுத்ததைப் பிடிக்கின்றன. இருந்தாலும் நாளடைவில் இவையும் தீர்ந்து போகின்றன. கரியின் காவலால் சேதம் ஆழமாக இறங்குவதில்லை. மேலே மெல்லிய ஒரு படலத்தோடு நிற்கிறது. கறுப்புப் பம்பர் வெளுத்தும் உடையாமல் நிற்பது இதனால்தான்.

மீட்கும் வழிகள்

இனி, கறுப்பை மீட்பதாகச் சொல்லும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்போம். அவை என்ன செய்கின்றன என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சோப்பு நீரால் கழுவுதல்: முதலில் செய்ய வேண்டியது இதுதான். தூசியும், காருக்கு மெழுகு பூசும்போது குழிகளில் புகுந்து வெளுத்துக் காய்ந்த மெழுகும் போனாலே பாதி வெண்மை குறையும்.

தேங்காயெண்ணெய்: உடனே கறுக்கும். ஆனால் காயாத எண்ணெய். தூசியை இழுத்துப் பிடிக்கும். மழையில் கழுவிப் போகும். 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைவதால், உதகையின் குளிர்காலக் காலையில் உங்கள் பம்பர் முன்னிலும் வெள்ளையாகத் தெரியலாம்!

ஆளிவிதை எண்ணெய்: இது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கவர்ந்து தானே இறுகிப் படலமாகும். ஆகவே சற்று நாள் நிற்கும். ஓர் எச்சரிக்கை: இறுகும்போது வெப்பம் வெளிப்படும். இந்த எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக் கூடும். துணியை விரித்துத்தான் காயவிட வேண்டும்.

சிலிக்கோன் திரவம்: கடைகளில் விற்கும் பல பூச்சுகளில் இருப்பது இது. இதன் சிறப்பு பரப்பு இழுவிசையில் உள்ளது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்; சிலிக்கோனுக்குச் சுமார் 21 தான். பாலிபுரோப்பிலீனின் பரப்பு ஆற்றலை இதே அலகில் 30 எனலாம். திடப்பொருளின் மதிப்பைவிடக் குறைந்த இழுவிசை உள்ள திரவம் அதன்மேல் தானே பரவும். கூடியது முத்தாக நிற்கும். எனவே சிலிக்கோன் எல்லா நுண்குழியிலும் ஊர்ந்து புகுந்துவிடுகிறது, நீரையும் விலக்குகிறது. ஆனால் கார் மிதிகளிலும், சக்கரம் திருப்பும் வளையத்திலும், டயர் தரையைத் தொடும் பகுதியிலும் இதைத் தடவவே கூடாது. வழுக்கும்.

காலணிப் பாலிஷ்: மெழுகும் கறுப்புச் சாயமும் கலந்தது. குழியை மெழுகு நிரப்பும். வெயிலில் இளகி, சாய்ந்து நிற்பவர் வேட்டியில் ஒட்டும்.

உப்புத்தாளால் தேய்த்தல்: சிதைந்த படலம் போகும், ஆனால் புதிய கீறல்கள் விழும். கீறல் என்றால் சிதறல். மேலே ஏதேனும் பூசாவிட்டால் சாம்பல் நிறமே மிஞ்சும்.

வெப்பக் காற்று: பட்டறைகளில் சூடான காற்றைப் பாய்ச்சிக் கறுப்பை மீட்பதைப் பார்க்கலாம். வித்தை போலத் தெரியும். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகுகிறது. மேற்படலம் மட்டும் இளகி, பரப்பு இழுவிசையால் தானே மட்டமாகி, வெடிப்புகள் மூடிக் கொள்கின்றன. இங்கே எண்ணெய் இல்லை, பரப்பே வழவழப்பாகிறது. ஆனால் வெட்டுண்ட சங்கிலிகள் ஒட்டிக் கொள்வதில்லை; தீர்ந்து போன காவல் பொருள்களும் திரும்பி வருவதில்லை. அடுத்த கோடைகளில் மீண்டும் வெளுக்கும். சற்றுக் கை தவறினால் பம்பர் நெளிந்துவிடும். இது உங்களுக்கான வேலையன்று, பயின்றவர்கள் செய்யட்டும்.

கடினப் பூச்சு: குழிகளை நிரப்பிப் பின் இறுகிக் கண்ணாடி போன்ற வலையாகும் சிலிக்கா சார்ந்த பூச்சுகளும், பிளாஸ்டிக்கில் ஒட்டும் கறுப்பு வண்ணங்களும் இன்று கிடைக்கின்றன. நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பசை நீக்கிய பின் பூசினால் இவையே அதிக நாள் நிற்கும். புற ஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்திருந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றிலும் சிறந்தது ஒன்று உண்டு, விலை ஏதுமில்லை. அது வேப்பமர நிழல்.

தலைக்கவசத்துக்கு வருவோம்

பம்பரை மீட்கும் வழிகள் அனைத்தும் ஒளியின் சிதறலைக் குறைக்கின்றன. ஒன்றேனும் அறுந்த சங்கிலியை ஒட்ட வைக்கிறதா? இல்லை. பம்பருக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. அங்கே நமக்கு வேண்டியது தோற்றம். தலைக்கவசத்தில் வேண்டியது வலிமை.

பல தலைக்கவசங்களின் ஓடு ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. மோதலைத் தாங்கும் குணத்தை அதற்குத் தருவது அதில் கலந்துள்ள ரப்பர் போன்ற பகுதி. வெயிலும் ஆக்சிஜனும் முதலில் தாக்குவதும் அந்தப் பகுதியைத்தான். வண்ணம் பூசிய ஓட்டுக்கு அந்த வண்ணமே காவல். வண்ணம் பூசாத ஓடு வெளுத்திருந்தால், வெளுத்தது தலையைக் காக்க வேண்டிய பொருளே. அதன்மேல் பளபளப்பைத் தடவினால் நமக்குக் கிடைத்த எச்சரிக்கையை நாமே அழித்தவர்கள் ஆவோம். இன்னொன்று: கவசத்தின் உள்ளே அதிர்ச்சியை ஏற்கும் வெண்ணிற அடுக்கு, நீங்கள் அறிந்த தெர்மக்கோல்தான். பெட்ரோலில் தெர்மக்கோல் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலோ தின்னரோ நனைத்த துணியால் கவசத்தைத் துடைத்தால் ஓட்டில் வெடிப்பு விழலாம். கசிந்து உள்ளே போனால் அடுக்கும் கரையும். மிதமான சோப்பு நீர் போதும்.

அந்த மாணவனைக் கவசத்தைக் கொண்டு வரச் சொன்னேன். சோப்பு நீரால் கழுவி, காயவிட்டு, கைக்கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்தோம். ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இரண்டு ஓடியிருந்தன. மேலே ஒரு துளி எண்ணெயைத் தடவினேன். ஓடு கருகருவென்று ஆயிற்று. வெடிப்புகள் கண்ணிலிருந்து மறைந்தன. வகுப்பு அமைதியாகிவிட்டது. அடுத்த வாரம் அவன் ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள புதிய கவசத்தோடு வந்தான். பழையது இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒன்று: பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றிலிருந்து ஒரே அகலத்தில் 15 மெல்லிய கீற்றுகளை உரித்துக் கொள்ளுங்கள். ஐந்தை அலமாரியில் வையுங்கள். ஐந்தை மொட்டைமாடியில் வெயிலில் கட்டுங்கள். மீதி ஐந்தை அலுமினியத் தாளில் சுற்றி அதே இடத்தில் வையுங்கள். இவற்றுக்கு வெப்பம் உண்டு, ஒளி இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொன்றையும் ஒரு வாளியோடு இணைத்துத் தொங்கவிட்டு, அறுந்து விழும்வரை குவளையால் நீர் ஊற்றி அளவைக் குறியுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். முடிச்சுப் போட்ட இடத்தில் கீற்று முன்னதாகவே அறும். ஆகவே வழவழப்பான குச்சியில் பல சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். வாளி தரைக்கு மேல் ஒரு சாண் உயரமே இருக்கட்டும். கால்கள் விலகி இருக்கட்டும். அறுத்தது வெப்பமா, ஒளியா என்று மூன்று சராசரிகளும் உங்களுக்குச் சொல்லும்.

இரண்டு: பழைய கார் ஒன்றின் உரிமையாளரிடம் கேட்டுக் கொண்டு, வெளுத்த பம்பரில் ஒரு துளி நீரும், நிழலிலேயே இருந்த பிளாஸ்டிக் பகுதியில் ஒரு துளி நீரும் விடுங்கள். பூச்சு ஏதும் இல்லாவிட்டால், பெரும்பாலும் வெளுத்த இடத்தில் துளி அதிகமாகப் பரவும். ஆக்சிஜன் ஏறிய பரப்பு நீரை விரும்புகிறது.

மூன்று: அதே காரில் வைப்பருக்கு அடியில் கண்ணாடிக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக்கையும், ஒரு சாண் தள்ளிக் கண்ணாடிக்கு உள்ளே உள்ள பிளாஸ்டிக்கையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே வெயிலில் நின்றவை. ஆயினும் ஒன்று வெளுத்தும் மற்றது வெளுக்காமலும் இருப்பது ஏன்? விடை இந்தக் கட்டுரையிலேயே பாதி இருக்கிறது. மீதியை, முகப்புக் கண்ணாடி எந்தக் கதிரை உள்ளே விடும், எதை விடாது என்று யோசித்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

இனி எங்கேனும் பளபளக்கும் பழைய பொருளைப் பார்த்தால், அது வலிமையின் பளபளப்பா, எண்ணெயின் பளபளப்பா என்று ஒருமுறை கேட்டுக் கொள்ளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.